முழங்கால் அளவு பயம்

இந்த நகரத்தைக் கட்டியவர்கள் யார் யாரோ. அதைப் பிரித்துப் போட்டவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் மேஸ்திரிக்கு வாய் சும்மா இருக்காது. "அதோ அந்தக் கண்ணாடிக் கட்டடம் இருக்குல்ல, அங்க முன்னாடி ஒரு தியேட்டர் இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்" என்பார். ஊரில் இருப்பதெல்லாம் மற்றவர்கள் கண்ணில் படும். இல்லாததெல்லாம் இவர் கண்ணில் படும்.

'இடித்தேன்' என்று மட்டும் சொல்லவே மாட்டார். யாராவது தெரியாமல் 'இடிக்கிற மேஸ்திரி' என்று சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "இடிக்கிறதுக்கு மேஸ்திரி எதுக்கு? பிரேக் பிடிக்காத லாரி ஒண்ணு போதும். நாங்க எடுக்கிறவங்க. கட்டினவன் கடைசியா எதை வச்சானோ, அதை நாங்க முதல்ல எடுப்போம்." இதைக் கேட்காத ஆள் அவர் பழகின வட்டத்தில் கிடையாது. மனுஷர் கொஞ்சம் தற்பெருமைக்காரர். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

சின்ன வயதில் ஒரு கொத்தனாரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்தான். முதன்முதலாகக் கட்டிய சுவர் கோணலாகப் போனது. பிரிக்கச் சொன்னார்கள். ஒரு செங்கல்கூட உடையாமல், சாந்தைச் சுரண்டித் துடைத்து, வரிசையாக அடுக்கி வைத்துவிட்டார். கொத்தனார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "தம்பி, உனக்குக் கட்டுறதுக்குக் கை வரல. பிரிக்கத்தான் வருது" என்றார். வேறொருவன் என்றால் முகம் சுருங்கிப் போயிருப்பான். இவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தார்.

கல்யாணமும் ஒரு சுவரால்தான் நடந்தது. ஒரு வீட்டின் பக்கச் சுவரை எடுத்துக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டுப் பெண் துணிக்கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் தொப்பென்று வைத்தாள். துவைத்த துணி முழுக்கச் செம்மண் நிறத்தில் தூசி. "இதையெல்லாம் திரும்பத் துவைக்கிறது யாரு? உங்கம்மா வருவாங்களா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து சுவருக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தொட்டார். தூசியடங்கத் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் அப்படி வந்தது. மனைவியும் அப்படித்தான் வந்தாள்.

அந்த மனைவி ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரி. வேலை எங்கே நடந்தாலும் மதியச் சாப்பாட்டைத் தானே கொண்டுவருவாள். இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தாலும் சரி, வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி.

"காலைலயே கட்டிக் குடுத்தா நானே கொண்டு போயிடுவேன்ல?" என்பார் மேஸ்திரி.

"ஆறிப்போகும்."

"ஆறினா என்ன, நான் என்ன மகாராஜாவா?"

"ஆறிப்போகும்னு சொல்றேன்ல."

தெருமுனையில் வந்து நிற்பாள். தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பாள். எந்த உயரத்தில் இருந்தாலும் மேஸ்திரி கையசைப்பார். கேரியரைக் கீழே இருக்கிற ஆளிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். இவ்வளவு தூரம் வந்து ஒரு வார்த்தை பேசாமல் போகிற பெண்ணை நினைத்து மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

அவருடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டடமானாலும் உச்சியில் இருக்கிற முதல் கல்லை மேஸ்திரி தன் கையால் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். அதுவரை ஒருவரும் கருவியைத் தொட மாட்டார்கள். அதற்குத் தலைக்கல் என்று பெயர். "நான் நிக்காத இடத்துல என் ஆளு நிக்கக் கூடாது" என்று இளவயதில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரும் அவரேதான்.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பதைத் தாண்டியபின் ஒரு புறா வந்து வாய்த்தது. போன வருடம் ஒரு நாலாவது மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். காலடியிலிருந்து புறா ஒன்று படபடவென்று எழுந்தது. ஒரு கால் வழுக்கியது. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆட்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். ஆனால் அன்று மாலை படி இறங்கும்போது முழங்கால் தந்தி அடித்தது. மறுநாளும் அடித்தது. அதன்பிறகு உயரம் என்றாலே பயம்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. வேலையைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். மதில்சுவர், கார் கொட்டகை, பாழடைந்த கழிவறை. வீட்டுக் கூடத்தில் பல்பு எரியாமல் போனபோது ஸ்டூலில் ஏறி மாற்றாமல், "இருட்டா இருக்கிறதும் கண்ணுக்கு இதமாத்தான் இருக்கு" என்று ஒரு மாதம் ஓட்டினார். கடைசியில் மனைவியே ஏறி மாற்றினாள். மாற்றிவிட்டு, ஸ்டூலில் நின்றபடியே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அப்போதுதான் தேவாலயத்து வேலை வந்தது. பழைய நகரத்தின் நடுவே, நாலு தெரு கூடுகிற இடத்தில் அதன் ஊசிக்கோபுரம் நின்றது. ஒரு புயலில் உச்சியிலிருந்த இரும்புச் சிலுவை கழன்று பாதிரியாரின் பூந்தொட்டிகள் மேல் விழுந்தது. போய்ப் பார்த்தால் கோபுரத்தைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். தேவாலயம் இருக்கலாம், கோபுரம் இருக்கக் கூடாது என்று முடிவானது. தெருவெல்லாம் குறுகல். பெரிய இயந்திரம் உள்ளே நுழையாது. கையால், கல் கல்லாகத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே வீட்டைத்தான் கை காட்டினார்கள்.

மேஸ்திரி மெதுவாக நழுவிவிடலாம் என்றுதான் போனார். பொறுப்பிலிருந்த இன்ஜினியர் ஒரு பெண், நல்ல மனசுக்காரி. "உங்களுக்கு இந்த உயரம் சிரமமா இருந்தா சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று தன்மையாகத்தான் சொன்னார். தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல வாசல் கிடைக்காது. மேஸ்திரியின் வாயோ மேஸ்திரி பேச்சையே கேட்கிற வாய் இல்லை.

"மேடம், நான் ஏறாத உசரத்தை இனிமேதான் யாராவது கட்டணும்" என்றது.

பின்னால் நின்ற ஆட்கள் கைதட்டினார்கள். மேஸ்திரியும் சிரித்துவைத்தார்.

சாரம் கட்டும் வேலையை மைத்துனன் பார்த்துக்கொண்டான். மனைவியின் தம்பி, மேஸ்திரிக்கு வலதுகை. கோபுரத்துக்கு உள்ளே மணிக்கூண்டு வரை கல் படிக்கட்டு. அங்கிருந்து வெளியே சாரத்து ஏணி. உச்சியைச் சுற்றிப் பலகைத் தளம். பக்கத்தில் கல்லை இறக்கக் கப்பியும் கயிறும் பெரிய இரும்பு வாளியும். எல்லாம் தயார். தலைக்கல் ஒன்றுதான் பாக்கி.

முதல் நாள், சாரத்தின் முடிச்சு சரியில்லை என்று சொல்லி அத்தனை முடிச்சையும் அவிழ்த்துக் கட்ட வைத்தார். அடுத்த நாள் விரலை எச்சில் பண்ணி மேலே நீட்டி, "காத்து சரியில்ல" என்றார். மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அதற்கடுத்த நாள் மணிக்கூண்டில் ஒரு புறாக்கூடு இருக்கிறது, முட்டை இருக்கிறது என்று ஓர் ஆள் சொன்னதும் மேஸ்திரிக்கு உயிர் வந்தது. "குஞ்சு பொரிச்சுப் பறந்து போகட்டும். பாவம், வாயில்லாத ஜீவன்" என்றார். பாதிரியார் நெகிழ்ந்துபோய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க இரக்கத்தை நான் பிரசங்கத்துல சொல்லப் போறேன் மேஸ்திரி." புறா என்கிற இனத்தையே சபித்துக்கொண்டிருந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார்.

எதிர்ப்பக்க நடைபாதையில் ஓய்வுபெற்ற நாலைந்து பேர் தினமும் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். குடை, பிளாஸ்க், பைனாகுலர் எல்லாம் உண்டு. "இன்னிக்காவது உண்டா மேஸ்திரி?" என்று ஒருவர் கேட்பார். "மழை வந்தா இல்ல, வரலைன்னாலும் இல்ல" என்று இன்னொருவர் பதில் சொல்வார். கோபுரத்தைவிட அந்த நாற்காலிகளுக்குத்தான் மேஸ்திரி அதிகம் பயந்தார்.

கூட்டை மைத்துனன் அலுங்காமல் எடுத்துத் தேவாலயத்துக் கூரை மூலையில் வைத்ததும், தாய்ப்புறா ஒரு சலனமும் இல்லாமல் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சாக்கும் போயிற்று. இன்ஜினியர் சங்கடத்தோடு வந்தார். "மழைக்காலம் வருது. விரிசல்ல தண்ணி இறங்கினா ஆபத்து. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆரம்பிக்கலைன்னா நான் வேற ஆட்களைத்தான் கூப்பிடணும்" என்றார்.

தலைக்கல்லை மைத்துனனை எடுக்கச் சொல்லலாம். ஒருவரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஆனால் அன்றோடு மேஸ்திரி மேஸ்திரி இல்லை. அது அவருக்குத் தெரியும், ஆட்களுக்கும் தெரியும்.

மைத்துனன் அன்று மாலையே அக்காவிடம் போனான். "மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. மேல பாக்கவே மாட்டேங்கிறார்."

"தெரியும்" என்றாள் அக்கா. "பல்பு விஷயத்துலயே தெரியும். நாளைக்கு எனக்கு ஒரு ஹெல்மெட்டும் பெல்ட்டும் எடுத்து வை."

"எதுக்கு?"

"சொன்னதைச் செய்டா."

மறுநாள் மதியம் அவள் வழக்கம்போல் தெருமுனைக்கு வந்தாள். ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. நேராகக் கப்பிக்குப் போய்க் கேரியரை வாளியில் வைத்து, கயிறு பிடித்திருந்த ஆளிடம் "இழு" என்றாள். வாளி ஆடி ஆடி மேலே போனது. மடக்கு நாற்காலிகள் நிமிர்ந்தன. இன்ஜினியர் சாப்பிடப் போயிருந்த நேரம். மேஸ்திரி தேவாலயத்தின் பின்னறையில், வரைபடம் ஒன்றைத் தலைகீழாக விரித்து வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால், கொண்டைக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட்டும் புடவைக்கு மேல் பெல்ட்டுமாக மனைவி.

"இதென்ன கோலம்?"

"சாப்பாடு மேல போயிடுச்சு. நானும் போறேன். பசிச்சா வாங்க."

"விளையாடுறியா? ஸ்டூலைத் தவிர நீ எதுல ஏறியிருக்க?"

அவள் அதற்குள் படிக்கட்டில் ஏறத் தொடங்கிவிட்டாள். மேஸ்திரி வெளியே வந்து மைத்துனனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான். ஆட்கள் எல்லோரும் திடீரென்று ரொம்ப மும்முரமாகக் கயிறு சுருட்டினார்கள். தன் வீட்டுக்காரியும் இப்படி ஏறக் கிளம்பினால் என்ன ஆகும் என்று அவரவர் யோசித்திருப்பார்கள். மேஸ்திரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

மணிக்கூண்டு வரை கோபத்தில் ஏறிவிட்டார். அங்கே வெளிக்காற்று முகத்தில் அடித்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது. சாரத்து ஏணியில் மனைவி ஏறிக்கொண்டிருந்தாள். பெல்ட்டின் கொக்கியை அவள் தப்பாக மாட்டியிருந்ததைப் பார்த்தார். "நில்லு, நில்லு, அசையாதே" என்று எட்டிப் போய்ச் சரியாக மாட்டிவிட்டார். மாட்டியபிறகுதான் தானும் ஏணியில் நிற்பது உறைத்தது. கீழே பார்க்கவில்லை. மேலே பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே இருந்த அவளுடைய வெடித்த குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினார். அது நகர்ந்தால் இவர் கை நகரும். அது நின்றால் இவர் நிற்பார். அந்தக் குதிகாலும் நடுங்குகிறது என்று பாதியில்தான் கவனித்தார்.

பலகைத் தளத்தில் போய் உட்கார்ந்ததும் இருவரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள். அவள் ஒரு கையால் சாரத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கேரியரைத் திறந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

மென்று விழுங்கப் பார்த்தார். முடியவில்லை. "போன வருஷத்துல இருந்து. ஒரு புறாவால. பயமா இருக்கு" என்றார். ஒரு வருடம் நெஞ்சில் கிடந்த சொல். சொல்லி முடித்ததும் தோளிலிருந்து மூட்டை இறங்கினாற்போல இருந்தது.

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"மேஸ்திரிக்கே மேல ஏற பயம்னா ஊரு சிரிக்காதா? உனக்கு இது புரியாது."

"எனக்கா புரியாது?" அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கு ஒரு வருஷமாத்தான். எனக்குக் கல்யாணம் ஆன மறுநாள்ல இருந்து. காலைல நீங்க செருப்பை மாட்டினதும் எனக்குக் கால் நடுங்க ஆரம்பிக்கும். மத்தியானம் தெருமுனைக்கு வந்து, மேல நீங்க கையசைக்கிறதைப் பாத்தாத்தான் நிக்கும். வீட்டுக்குப் போனதும் மறுபடி ஆரம்பிக்கும், சாயங்காலம் நீங்க வர்ற வரைக்கும்."

மேஸ்திரி கையிலிருந்த கவளத்தை வாயில் வைக்க மறந்துவிட்டார். "அப்போ சோறு ஆறிப்போகும்னு சொன்னது..."

"சோறு ஆறினா சூடு பண்ணிக்கலாம்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களுக்கும் பயம் வந்துருமேன்னுதான்."

மேஸ்திரிக்கு அழுகை வந்தது. கூடவே, இத்தனை வயதில் இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கம் நகரம் முழுக்கத் தெரிந்தது. அவர் எடுத்த இடங்கள், அங்கே எழும்பிய கட்டடங்கள், தூரத்தில் அவர்கள் வீட்டு மொட்டைமாடிகூடத் தெரிந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "உப்பு கம்மி" என்றார்.

"உப்பு கீழ இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க."

இரண்டு பேரும் சிரித்ததில் பலகை ஆடியது. ஆடியதும் இரண்டு பேரும் ஒரே குழாயைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கேரியரை மூடினாள். எழுந்திருப்பதற்காகப் பக்கத்திலிருந்த கோபுர நுனியில் கையை ஊன்றினாள். எத்தனையோ மழை பார்த்த சுண்ணாம்புச் சாந்து. சிலுவை கழன்று போனபோதே அதன் பிடி விட்டுப்போயிருக்க வேண்டும். நுனிக்கல் அப்படியே அவள் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, ஒடைச்சுட்டேங்க" என்றாள். ஒரு தேங்காய் அளவுதான் கல். அதைத் திரும்ப வைத்துவிடலாமா என்பதுபோலத் தடுமாறினாள்.

மேஸ்திரி அந்தக் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே நொடி, அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாமா என்று ஓர் எண்ணம் வந்தது. கீழே இருப்பவர்களுக்கு யார் எடுத்தது என்று தெரியவா போகிறது? பிறகு அந்தப் பெண் இத்தனை வருடமாகத் தெருமுனையில் நின்றது ஞாபகம் வந்தது.

"தூக்கிக் காட்டு" என்றார். "தலைக்கு மேல. நல்லாத் தெரியணும்." அவளுடைய இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவள் தூக்கினாள். கீழே மைத்துனன் விசிலடித்தான். மடக்கு நாற்காலிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பைனாகுலர் வைத்திருந்தவர் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. பாதிரியார் தன் அறையிலிருந்து ஓடிவந்து, என்ன ஏது என்று தெரியாமலே அவரும் கைதட்டினார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய இன்ஜினியர் மட்டும் கைதட்டவில்லை. இருவரும் இறங்கியதும் வாங்கு வாங்கென்று வாங்கினார். திட்டி முடித்துவிட்டு இன்ஜினியர் அவள் பக்கம் திரும்பி, "பயமா இல்லையா உங்களுக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இருந்துச்சே" என்றாள் அவள்.

வேலை அன்று மாலையே தொடங்கியது. மேஸ்திரிக்குப் பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அதை மறைக்கிற வேலைதான் போனது. மறுநாள் காலை எல்லோரும் கூடி நின்றபோது, "எனக்கு இன்னிக்கு முழங்கால் அளவு பயம் இருக்கு. ஏறலாம்" என்றார். ஆட்கள் விழித்தார்கள். மைத்துனன் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு இடுப்பளவு மாமா. தினமும் அப்படித்தான். நான் மட்டும்தான்னு நினைச்சேன்" என்றான். அதற்கப்புறம் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருவனுக்குக் கணுக்கால், ஒருவனுக்குத் தொடை. எப்போதும் வீரம் பேசுகிற கடப்பாரைக்காரன் ஒருவன் மட்டும் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "கழுத்தளவா? நீ இன்னிக்குக் கீழ நின்னு கயிறு பிடி" என்றார் மேஸ்திரி. அதிலிருந்து தினமும் ஏறுவதற்கு முன் அளவு சொல்வது வழக்கமாகிவிட்டது. இப்போது அவருடைய ஆட்களிடம் இரண்டு வழக்கங்கள்.

கோபுரம் மேலிருந்து கீழாக, வைத்ததற்குத் தலைகீழ் வரிசையில் கல் கல்லாக இறங்கி வந்தது. தண்ணீர் தெளித்துத்தான் எடுத்தார்கள். சுற்றியிருந்த எந்த வீட்டுக் கொடியிலும் துணி அழுக்காகவில்லை. எடுத்த கற்களைப் பாதிரியார் தேவாலயத்து முற்றத்தில் உட்காரும் மேடைகளாகப் போடச் சொன்னார். கோபுரம் இறங்க இறங்க, அதுவரை வெயிலே பார்க்காத பின்தெருவில் வெயில் விழுந்தது. அங்கே ஒரு வீட்டில் பூந்தொட்டிகளை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். மடக்கு நாற்காலிக்காரர்களுக்குத்தான் பிழைப்புப் போனது. அவர்கள் முற்றத்து மேடைகளுக்கு இடம் மாறினார்கள். தலைக்கல் மட்டும் எந்த மேடையிலும் சேரவில்லை. மேஸ்திரி வீட்டு வாசலில், கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது.

பேருந்தில் இப்போதும் அவருக்கு வாய் சும்மா இருப்பதில்லை. தேவாலயத்தைத் தாண்டும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வார்: "இங்க ஒரு கோபுரம் இருந்துச்சு. என் வீட்டுக்காரிதான் எடுத்தா."

அடுத்து வந்தது ஒரு பழைய கிடங்கு. ஒற்றைத் தளம், கூரையை முன்பே யாரோ கழற்றிவிட்டார்கள், நெஞ்சு உயரச் சுவர் மட்டும் மிச்சம். ஏணிகூடத் தேவையில்லை. காலையில் செருப்பை மாட்டும்போது மேஸ்திரி சொன்னார்: "இன்னிக்குத் தரையில நின்னு செய்யிற வேலை. சாப்பாட்டைக் கட்டிக் குடு, நானே கொண்டு போறேன். வெயில்ல நீ அலையாதே."

"ஆறிப்போகும்" என்றாள்.

மதியம் வந்தாள். தெருமுனையில் நின்று பார்த்தாள். மேஸ்திரி தரையில் நின்றபடியே, இல்லாத உயரத்திலிருந்து கையசைப்பதுபோல, கையை நன்றாக உயர்த்தி அசைத்தார். பலகையில் ஒதுங்கி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். அவள் வழக்கம்போலத் திரும்பிப் போகாமல் வந்து உட்கார்ந்து கேரியரைத் திறந்தாள்.

"இன்னிக்கு உனக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கணுக்கால் அளவு" என்றாள்.

மேஸ்திரி தலையாட்டினார். முதல் கவளத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.